மருத்துவ ஆய்வில் பொதுமக்கள்: என்ன பயிற்சி, எதற்காக?

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்துக்கு ஒரு புது மருந்து வருகிறது. அது வேலை செய்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? 1990களில் இதற்கு மருத்துவர்கள் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். வீங்கிய மூட்டு எத்தனை, தொட்டால் வலிக்கிற மூட்டு எத்தனை, வலி எவ்வளவு, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா, ரத்தப் பரிசோதனையில் அழற்சி எந்த அளவில் இருக்கிறது என்று போகும் அந்தப் பட்டியல். நன்றாக யோசித்துத் தயாரித்ததுதான். இப்படிப்பட்ட மூட்டு நோய்களுக்கான ஆய்வுகளில் எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்காகவே ஓமெராக்ட் என்ற பன்னாட்டுக் குழு ஒன்று இருக்கிறது. 2002-இல் அந்தக் குழு தன் மாநாட்டுக்கு நோயாளிகளையும் அழைத்தது. வந்தவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, எங்களைப் படுத்துகிற முக்கியமான ஒன்று இதில் இல்லையே என்றார்கள். அசதி. தூங்கி எழுந்தாலும் தீராத, உட்கார்ந்த இடத்திலேயே ஆளைச் சாய்த்துவிடுகிற அசதி.

மருத்துவர்களுக்கு அது தெரியாத விஷயமில்லை. ஆனால் அதை ஆய்வில் அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. நோயாளிகள் பேசிய பிறகு அதை எப்படி அளப்பது என்ற ஆராய்ச்சி தொடங்கியது. 2007-இல், முடக்குவாத ஆய்வுகளில் முடிந்தவரை அசதியையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை வெளிவந்தது.

பொதுமக்களை மருத்துவ ஆய்வில் சேர்த்துக்கொள்வது ஏன் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இதில் எளிதாகக் கண்ணில் படாத இன்னொரு பாதியும் உண்டு. நிபுணர்கள் நிறைந்த கூட்டத்தில், அவர்களுடைய பட்டியலைப் புரிந்துகொண்டு, அதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல, நோய் இருந்தால் மட்டும் போதாது. கூட்டம் எதைப் பற்றியது, அளவீடு என்றால் என்ன, எந்தக் கட்டத்தில் எதை மாற்ற முடியும் என்றெல்லாம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது.

ஆய்வுக்கு உட்படுவதும் ஆய்வை வடிவமைப்பதும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆய்வில் கலந்துகொள்வது என்றவுடன் நம்மில் பலருக்குத் தோன்றுவது, புது மருந்தைச் சாப்பிட்டுப் பார்ப்பது, ரத்தம் கொடுப்பது, கேள்வித்தாளை நிரப்புவது ஆகியவைதான். அங்கே நீங்கள் ஆய்வுக்கு உட்படுகிறவர். அதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. நடக்கப்போவதைப் புரியும்படி சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்து, உங்கள் சம்மதத்தை வாங்க வேண்டியது ஆய்வாளரின் கடமை.

நாம் பேசப்போவது வேறொரு வேலை. ஆய்வைத் திட்டமிடுகிறவர்களோடு சேர்ந்து உட்காருகிற வேலை. எந்தக் கேள்வியை ஆராய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, யாரைச் சேர்ப்பது, எதை அளப்பது, எத்தனை முறை மருத்துவமனைக்கு வரச்சொல்வது, சம்மதப் படிவத்தை எப்படி எழுதுவது, கிடைத்த முடிவை யாருக்கு எப்படிச் சொல்வது என்பது வரை எல்லா இடத்திலும் இவர்களுக்கு இடம் உண்டு. ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் அமைப்புகளில் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிடுகிறவர்களும், ஆய்வு மனிதர்களுக்கு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுக்களில் மருத்துவம் சாராத உறுப்பினர்களாக இருப்பவர்களும் இதே வகைதான். இந்தக் கட்டுரையில் இவர்களை மக்கள் பங்காளிகள் என்று சொல்கிறேன். நோயாளிகள் மட்டுமல்ல, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களும், நோயே இல்லாத சாதாரண மக்களும் இதில் அடக்கம். தடுப்பூசி, குடிநீர், காற்று மாசு பற்றிய ஆய்வுகளில் எல்லோருமே சம்பந்தப்பட்டவர்கள்தானே.

ஒரே ஆள் ஒரே ஆய்வில் இரண்டு வேலையையும் செய்வது பொதுவாக நல்லதல்ல. திட்டத்தின் உள்விவரம் தெரிந்தவர் அதே ஆய்வில் மருந்து சாப்பிட்டால் அவருடைய பதில்கள் பாதிக்கப்படலாம். பயிற்சியின் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

எதற்கு இந்தச் சிரமம்?

2000-ஆம் ஆண்டு இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். முழங்கால் மூட்டுத் தேய்மானம் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகள் எதைப் பற்றியவை, அந்த நோய் உள்ளவர்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நடந்த ஆய்வுகளில் பாதிக்கு மேல் மருந்துகளைப் பற்றியவை. நோயாளிகளோ, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை எந்த அளவுக்குப் பலன் தரும், வலியோடு எப்படிச் சமாளித்து வாழ்வது, யார் சொல்லும் ஆலோசனை உண்மையில் உதவுகிறது என்பதையெல்லாம் அறிய விரும்பினார்கள். கேட்கிற கேள்வி ஒன்று, பதில் வருவது இன்னொன்றுக்கு.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2004-இல் பிரிட்டனில் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு நோய்க்கும் நோயாளிகள், பராமரிப்பவர்கள், சிகிச்சை தருபவர்கள் என மூன்று தரப்பையும் உட்கார வைத்து, இன்னும் விடை கிடைக்காத கேள்விகளைத் திரட்டி, அவற்றில் முக்கியமான 10 கேள்விகளை அவர்களே சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறை அது. இப்போது பல நோய்களுக்கு இப்படிப் பட்டியல்கள் இருக்கின்றன.

பயன் ஒரு பக்கம் இருக்கட்டும், உரிமை என்ற பக்கமும் இருக்கிறது. மருத்துவ ஆய்வின் வரலாற்றில் மனிதர்களைக் கேட்காமலே அவர்கள் மேல் செய்யப்பட்டவை ஏராளம். அமெரிக்காவின் டஸ்கீகி ஊரில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு நோயின் உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி வளர்கிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 40 ஆண்டுகள். அந்த ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்று தீர்மானித்த இடத்தில் அந்த ஆண்களின் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. மனிதர்கள் மீதான ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் 1964-இல் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் 2024-இல் திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் பங்கேற்பாளர்களோடும் அவர்கள் சமூகத்தோடும் அர்த்தமுள்ள ஈடுபாடு வேண்டும் என்ற கருத்து அதில் இடம்பெற்றது. தாமதமாக வந்தாலும் வரவேற்க வேண்டிய மாற்றம்.

பயிற்சி தொடங்கிய விதம்

இந்தப் பயிற்சியை ஏதோ பல்கலைக்கழகம் கண்டுபிடித்ததாக நினைத்துவிட வேண்டாம். உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர்கள் தாங்களாகவே கற்கத் தொடங்கியதில்தான் இதன் முக்கியமான வேர் இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் எய்ட்ஸுக்கு மருந்தில்லை. 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள், எங்களைப் பற்றிய முடிவுகளில் எல்லா மட்டத்திலும் நாங்கள் இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 1987-இல் நியூயார்க்கில் எய்ட்ஸ் மருந்துகளுக்காகப் போராடிய ஆக்ட் அப் இயக்கம் தொடங்கியது. அப்போது நடந்த மருந்துச் சோதனைகளில் நோயாளிகளுக்குக் கடுமையான குறைகள் தெரிந்தன. சில சோதனைகளில் சேர்ந்தால் நிமோனியா வராமல் தடுக்கும் மருந்தைக்கூட எடுத்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. தாங்க முடியாத நிலையில், தனக்குக் கிடைத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்று ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தவர்கள் இருந்தார்கள். மாத்திரைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டவர்களும் இருந்தார்கள். தாளில் கச்சிதமாக இருந்த ஆய்வுத் திட்டம் நடைமுறையில் கலைந்துபோனது.

ஆக்ட் அப் கூட்டங்களுக்கு ஐரிஸ் லாங் என்ற வேதியியலாளர் வந்தார். மருந்து ஆராய்ச்சியில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். போராட்டம் மட்டும் போதாது, மருந்து எப்படி வேலை செய்கிறது, சோதனை எப்படி நடக்கிறது, அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி வகுப்பெடுக்கத் தொடங்கினார். மார்க் ஹாரிங்டன் என்ற இளைஞருக்கு அறிவியல் பின்னணி கிடையாது. புரியாத சொற்களையெல்லாம் குறித்துக்கொண்டு ஒரு சொற்பட்டியல் தயாரித்தார். அது எல்லோர் கைக்கும் போனது. 1988 அக்டோபரில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அலுவலகத்தை முற்றுகையிட்டபோது அவர்கள் கையில் முழக்கங்களோடு, சோதனை முறையை எப்படி மாற்ற வேண்டும் என்ற கோரிக்கைகளும் தெளிவாக இருந்தன. 1990 வாக்கில் அரசின் எய்ட்ஸ் மருந்து ஆய்வுக் குழுக்களுக்குள் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

மார்பகப் புற்றுநோய் இயக்கம் இதைப் பார்த்துக் கற்றது. அமெரிக்க ராணுவத் துறையின் நிதியில் 1992-இல் ஒரு பெரிய மார்பகப் புற்றுநோய் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. நோயிலிருந்து மீண்ட பெண்கள், எந்த ஆய்வுக்குப் பணம் தரலாம் என்று மதிப்பிடும் குழுக்களில் விஞ்ஞானிகளோடு சமமாக வாக்களிக்கும் முறை அதில் வந்தது. அதற்குத் தயாராக, 1995-இல் தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டமைப்பு புராஜெக்ட் லீட் என்ற பயிற்சியைத் தொடங்கியது. செல் எப்படிப் புற்றாகிறது, மரபணு என்றால் என்ன, ஓர் ஆய்வை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று விஞ்ஞானிகளே வந்து சொல்லித் தந்தார்கள். ஐரோப்பாவில் 2012-இல் தொடங்கிய யூபாட்டி, ஒரு மருந்து ஆய்வகத்திலிருந்து கடைக்கு வரும் வழி முழுவதையும் நோயாளிகளுக்குக் கற்பிக்கிறது.

என்ன சொல்லித் தர வேண்டும்?

இரண்டு மணி நேர அறிமுகம் முதல் ஓராண்டுக்கு மேல் நீளும் படிப்பு வரை இன்று பலவிதப் பயிற்சிகள் உண்டு. பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும். எனக்குப் பிடித்தது, ஓர் உண்மையான ஆய்வை எடுத்துவைத்து அதன் வழியாகவே எல்லாவற்றையும் சொல்லித் தரும் முறை. அப்படி ஒன்றைச் செய்து பார்ப்போம்.

1948-இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் உதவுகிறதா என்று நடத்திய ஆய்வை வெளியிட்டது. மொத்தம் 107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். அன்று மருந்து மிகக் குறைவாகவே கிடைத்தது, எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை.

யாருக்கு மருந்து என்று யார் முடிவு செய்தது? மருத்துவர் முடிவு செய்திருந்தால், பாவம் இவர் மோசமாக இருக்கிறார் என்று மோசமானவர்களுக்கோ, இவர் தேறிவிடுவார் என்று நல்ல நிலையில் இருப்பவர்களுக்கோ கொடுத்திருப்பார். பிறகு பலன் மருந்தால் வந்ததா, ஆளின் உடல்நிலையால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் குலுக்கல் முறையில் முன்கூட்டியே தீர்மானித்து, விடைகளை மூடி முத்திரையிட்ட உறைகளில் வைத்தார். நோயாளி ஆய்வில் சேர்ந்த பிறகுதான் உறை பிரிக்கப்படும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு, எந்தப் படம் எந்தக் குழுவுடையது என்று தெரியாது. தெரிந்தால் கண் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். குலுக்கல், மறைத்து மதிப்பிடுதல், ஒப்பிடக் கூடவே ஒரு குழு என்ற மூன்றும் புரிந்துவிட்டால் மருந்துச் சோதனையின் எலும்புக்கூடு புரிந்த மாதிரிதான்.

அப்புறம் எண்கள். 6 மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். மருந்து பெறாத 52 பேரில் 14 பேர். நூற்றுக்கு எத்தனை என்று மாற்றினால், ஏறக்குறைய 7-உம் 27-உம். இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். "நூறு பேருக்குக் கொடுத்தால் 20 பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள்" என்பது ஒன்று. "இறப்பு 73 சதவீதம் குறைகிறது" என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. இந்த ஆய்வில் எப்படிச் சொன்னாலும் பலன் பெரிது. ஆனால் வேறொரு மருந்து, ஆயிரத்தில் 2 பேருக்கு வரும் ஒரு நோயை ஆயிரத்தில் 1 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் "50 சதவீதம் குறைக்கிறது" என்று விளம்பரம் செய்யலாம், பொய்யில்லை. ஆயிரம் பேர் சாப்பிட்டால் ஒருவருக்குத்தான் பலன் என்பது அந்த வாக்கியத்தில் தெரியாது. ஆகவே சதவீதம் வந்தவுடன் "எதில் இத்தனை சதவீதம்? நூறு பேரில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள்" என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும். ஒரு பயிற்சியில் இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு ஒருவர் வெளியே வந்தாலும், அவருடைய நேரம் வீணாகவில்லை என்பேன்.

அடுத்து, எவ்வளவு காலம் பார்த்தார்கள் என்ற கேள்வி. 6 மாதத்தில் பெரிதாகத் தெரிந்த வித்தியாசம், 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது வெகுவாகச் சுருங்கியிருந்தது. கிருமி அந்த ஒற்றை மருந்துக்குப் பழகிவிட்டதுதான் முக்கியக் காரணம். அதனால்தான் இன்று காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இதுவரை சொன்னது ஆய்வாளரின் கண்ணால் பார்த்தது. நல்ல பயிற்சியாளர் இங்கே நிறுத்திவிட்டு வகுப்பைப் பார்த்துக் கேட்பார்: சரி, இந்த ஆய்வைத் திட்டமிட்ட கூட்டத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?

மருந்து 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடப்பட்டது. ஒரு நாளைக்கு 4 ஊசி, அதுவும் 4 மாதங்களுக்கு. நடுராத்திரியிலும் எழுப்பி ஊசி போடுவார்களா என்று வகுப்பில் ஒருவர் நிச்சயம் கேட்பார். மருந்தால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வந்ததைப் பார்த்து, அது பிறகு சரியாகுமா, திரும்ப வேலைக்குப் போக முடியுமா என்று இன்னொருவர் கேட்பார். உயிர் பிழைத்தவர்களில் எத்தனை பேர் தங்கள் பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார்கள் என்று அளந்தார்களா என்ற கேள்வியும் வரும். கடைசியில் எல்லோரையும் நிமிர வைக்கிற ஒன்று இருக்கிறது. மருந்து கிடைக்காத 52 பேருக்கும், தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. அறிக்கையே இதை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. அந்தக் காலத்தில் அது தவறாகத் தெரியவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை ஏற்காது.

இந்தக் கேள்விகளைக் கேட்க மருத்துவப் பட்டம் வேண்டாம். ஆனால் முன்பாதி புரிந்ததால்தான் பின்பாதிக் கேள்விகள் சரியான இடத்தில் போய் விழுகின்றன. குலுக்கல் எதற்கு என்று தெரியாதவர், "ஏன் எல்லோருக்கும் மருந்து கொடுக்கவில்லை?" என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். அந்தக் கேள்வியும் நியாயமானதுதான், ஆனால் அதைத் தாண்டியும் போக வேண்டியிருக்கிறது.

படிவத்தைத் திருத்துதல்

மக்கள் பங்காளிகளுக்கு அடிக்கடி வரும் வேலை சம்மதப் படிவத்தைப் படித்துத் திருத்துவது. பயிற்சியில் இதைக் கையால் செய்து பழக வேண்டும். படிவங்களில் இப்படி ஒரு வாக்கியம் சாதாரணமாக வரும்: "பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு ஒதுக்கீட்டின் அடிப்படையில் தலையீட்டுக் குழுவிலோ கட்டுப்பாட்டுக் குழுவிலோ சேர்க்கப்படுவர்." இலக்கணம் சரி, அறிவியலும் சரி. படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. "கட்டுப்பாட்டுக் குழு" என்றால் கட்டிப்போடுவார்களோ என்றுகூடப் பயம் வரும். இதை இப்படி எழுதலாம்: "உங்களுக்குப் புதிய மருந்து கிடைக்குமா, இப்போது சாப்பிடும் மருந்தே தொடருமா என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யும். அதை நீங்களோ உங்கள் மருத்துவரோ தேர்வு செய்ய முடியாது."

20 மில்லி ரத்தம் எடுக்கப்படும் என்பதைவிட, சுமார் 4 தேக்கரண்டி ரத்தம் என்றால் மனதில் ஓர் அளவு தெரியும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்ற வரி எட்டாம் பக்கத்தில் கிடந்தால் அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அலைச்சலையும் கணக்குப் போட வேண்டும். வாரம் ஒருமுறை காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று திட்டம் சொன்னால், கூலி வேலைக்குப் போகிறவரும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் சேர மாட்டார்கள். ஆட்கள் கிடைக்கவில்லை என்று ஆய்வு பாதியில் நிற்பதற்கு இப்படிப்பட்ட சாதாரணக் காரணங்களும் உண்டு.

கூட்டத்தில் பேசுவது

பலருக்குப் புள்ளிவிவரத்தைவிடக் கடினமாக இருப்பது இதுதான். எதிரே பேராசிரியர்கள். அவர்கள் பேசுவதில் பாதி சுருக்கெழுத்துகள். சந்தேகம் கேட்டால் கூட்டம் தாமதமாகுமோ, நம்மைப் படிக்காதவர் என்று நினைப்பார்களோ என்று நா எழாது. அதனால் நல்ல பயிற்சிகளில் ஒத்திகைக் கூட்டம் நடத்துவார்கள். ஒருவர் தலைவராக நடிப்பார், ஒருவர் அவசரப்படும் ஆய்வாளராக நடிப்பார். "மன்னிக்கவும், அந்தச் சொல்லை விளக்குங்கள்" என்று சத்தமாகச் சொல்லிப் பழகுவதற்கே தனி நேரம் ஒதுக்குவார்கள்.

தன் அனுபவத்தைக் காரியத்தோடு சேர்த்துச் சொல்வதும் ஒரு கலை. "எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது" என்று சொன்னால் எல்லோரும் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். "கீமோதெரபி முடிந்த மூன்றாம் நாள் எனக்குக் கண்ணைத் திறக்க முடியாது. நீங்கள் அன்றைக்குத்தான் கேள்வித்தாள் அனுப்புகிறீர்கள். ஒரு வாரம் தள்ளி அனுப்பினால் பதில் வரும்" என்றால் அங்கேயே தேதி மாறும். அதே அனுபவம்தான்.

எதைச் சொல்லாமல் இருப்பது என்பதையும் பயிற்சி சொல்லித் தர வேண்டும். தன் நோய்க்கதையை எல்லாம் எல்லோர் முன்னும் திறந்து வைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பழைய வலியைத் திரும்பத் திரும்பப் பேசுவது மனதைப் பாதிக்கும். நடுவில் எழுந்து வெளியே போகலாம், பிறகு பேசிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்ற ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். குழுவில் கேட்ட மற்றவர்களின் விவரங்களை வெளியே பேசாமல் இருப்பதும் இதே பாடத்தில் வரும்.

ஆய்வாளர்களுக்கும் வகுப்பு உண்டு

பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு ஆய்வாளர்களை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அவர்களுடைய பயிற்சிதான் முதலில் நடக்க வேண்டும். 60 பக்கத் திட்டத்தைக் கூட்டத்துக்கு முந்தின இரவு அனுப்பிவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டால், எவ்வளவு பயிற்சி பெற்றவராலும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாம் முடிவான பிறகு விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக ஒரு நோயாளியைக் கூப்பிடுவது இன்றும் நடக்கிறது. பத்து நிபுணர்களுக்கு நடுவே ஒரே ஒரு நோயாளியை உட்கார வைப்பதும் சரியில்லை. குறைந்தது இருவர் இருந்தால்தான் ஒருவருக்கொருவர் தைரியம்.

பிரிட்டனில் 2019-இல் வெளியான பொதுமக்கள் ஈடுபாட்டுத் தரநிலைகள் ஆறில் ஒன்று, ஆதரவும் கற்றலும் என்பது. பணமும் இதில் அடங்க வேண்டும். கூட்டத்தில் இருக்கும் மற்ற எல்லோரும் சம்பளத்தோடு வந்திருக்கிறார்கள். மக்கள் பங்காளி மட்டும் விடுப்பு எடுத்து, சொந்தக் காசில் பயணம் செய்து வர வேண்டுமா? பயணச் செலவும், செலவிட்ட நேரத்துக்கு ஒரு தொகையும் ஆய்வின் பட்ஜெட்டிலேயே எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் வசதியும் ஓய்வும் உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள், அவர்களுடைய அனுபவமே எல்லோருடைய அனுபவமாகப் பதிவாகும்.

பயிற்சி பெற்றால் சாதாரண ஆள் இல்லையா?

இதை உண்மையான அக்கறையோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். புள்ளியியல், நெறிமுறை எல்லாம் படித்த பிறகு அவர் ஆய்வாளரைப் போலவே யோசிக்கத் தொடங்கிவிட மாட்டாரா? பிறகு பொதுமகனின் பார்வை எங்கே?

கவலை நியாயமானது. பத்தாண்டுகளாகக் குழுவுக்குக் குழு போய்க்கொண்டிருக்கும் சிலருக்கு, முதன்முறை நோயைக் கேள்விப்பட்டவரின் திகைப்பு மறந்துபோகலாம். ஆனால் அதற்காக யாருக்கும் எதுவும் சொல்லித் தராமல் விடுவது தீர்வாகாது. எய்ட்ஸ் இயக்கத்தினர் அறிவியல் கற்றதால் தங்கள் பக்கத்தை மறக்கவில்லை, அதை இன்னும் கூர்மையாகச் சொன்னார்கள். எனக்குச் சரியாகப் படுவது, வேலைக்கு ஏற்ற அளவு பயிற்சி. ஒரு படிவத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல அரை மணி நேர விளக்கம் போதும். அங்கே புதியவரின் கண்தான் வேண்டும். கோடிக்கணக்கான பணத்தை எந்த ஆய்வுக்குக் கொடுப்பது என்று வாக்களிக்க அது போதாது. அங்கே ஆழமாகப் படித்தே ஆக வேண்டும். ஒரே ஆட்களை வைத்து எல்லாக் குழுக்களையும் நிரப்பாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியவர்களைக் கொண்டுவருவதும் உதவும்.

இன்னொன்று. பயிற்சி என்பது வாசலில் நிற்கும் தேர்வாகிவிடக் கூடாது. நீண்ட படிப்பை முடித்தவர்களுக்கு மட்டும் இடம் என்று வைத்தால், எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும், நாள் முழுக்க உழைக்கிறவர்களும், வேற்றுமொழி பேசுகிறவர்களும் வெளியே நிற்பார்கள். பல நோய்கள் அதிகம் தாக்குவது அவர்களைத்தான். படங்கள், பேச்சு, அவர்கள் கூடும் இடத்துக்கே போய் உட்கார்ந்து கேட்பது என்று வேறு வழிகள் இருக்கின்றன.

சேர நினைக்கிறீர்களா?

நோயாளி அமைப்புகள், ஆய்வு நடக்கும் பெரிய மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் விசாரிக்கலாம். முறையான ஆய்வுச் சுருக்கங்களை எளிய மொழியில் படித்துப் பழக காக்ரேன் அமைப்பின் சுருக்கங்கள் நல்ல தொடக்கம். ஒரு மருத்துவக் கேள்விக்கு நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிடும், பல நாட்டுத் தன்னார்வலர்கள் பங்கேற்கும் அமைப்பு அது. அதன் பணிகளில் மருத்துவம் சாராதவர்களுக்கும் இடம் உண்டு.

அழைப்பு வந்தால் ஒப்புக்கொள்ளும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். என்னிடம் எதிர்பார்ப்பது என்ன, கருத்தா வாக்கா? ஆய்வின் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், இன்னும் எதை மாற்ற முடியும்? எவ்வளவு நேரம் ஆகும், செலவு யாருடையது? என்ன பயிற்சி தருவீர்கள், சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? என்னைத் தவிர இன்னொரு மக்கள் பங்காளி இருக்கிறாரா? "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று எல்லாவற்றுக்கும் பதில் வந்தால், முடிவு செய்த பிறகு பேசலாம் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

உள்ளே போன பிறகு, சொன்ன ஒவ்வொரு கருத்தையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில மாதங்கள் கழித்து, அவற்றில் எதை ஏற்றார்கள், எதை விட்டார்கள், விட்டதற்குக் காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். மக்கள் பங்களிப்பால் ஓர் ஆய்வில் என்ன மாறியது என்று ஆய்வுக் கட்டுரைகளில் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு கிரிப் 2 என்ற சரிபார்ப்புப் பட்டியல் 2017 முதல் இருக்கிறது. உங்கள் ஆய்வுக் குழு அதைப் பயன்படுத்தப் போகிறதா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவைத்தால், உங்கள் நோட்டில் இருப்பது பிறகு அச்சிலும் வர வாய்ப்புண்டு.